ரவைக் கோதும் மிதிவெடியும்

சாவகச்சேரியிலிருந்து ஏ-9 வீதியில் கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் தாண்டிப் போனால் முகமாலை வரும். 2000 ஏப்ரலில் இராணுவத்தின் ஆனையிறவுத் தளம் புலிகளிடம் வீழ்ந்தது. மே மாதம் சண்டை சாவகச்சேரி நகருக்குள்ளேயே வந்து, நகரம் இடிந்து கிடந்தது. அதன் பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று யாழ் குடாநாட்டுக்குக் குறுக்கே முன்னரங்கு நிலைகொண்டது. 2009 ஜனவரி வரை அது பெரிதாக நகரவில்லை. ஒரே இடத்தில் நின்று இத்தனை காலம் சுட்டுக்கொண்டால் மண்ணில் என்ன மிஞ்சும்? மிதிவெடி மிஞ்சியதை எல்லோரும் அறிவோம். அதைவிடப் பன்மடங்கு மிஞ்சியது வெற்று ரவைக் கோது. யாரையும் கொல்லாத அந்தக் கோதுதான் காணி விடுவிப்பை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் பொருள்களில் ஒன்று.

அது ஏன் அங்கே அவ்வளவு கிடக்கிறது என்பதைத் துவக்கின் வயிற்றிலிருந்தே பார்க்க வேண்டும். ஒரு ரவையின் முன்னால் சன்னம், உள்ளே வெடிமருந்து, அடியில் ஊசி குத்தினால் தீப்பற்றும் சிறிய கேப். இவற்றைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கோது. இராணுவமும் புலிகளும் கையாண்ட ரி-56 துப்பாக்கியில் வெடிமருந்து எரியும்போது எழும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 3,000 மடங்கையும் தாண்டும். கோது விரிந்து, தான் இருக்கும் அறையின் இரும்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடும். சன்னம் வெளியேறி அழுத்தம் இறங்கியதும், மயிரிழை அளவு சுருங்கிச் சுவரை விடும். இந்த மயிரிழைச் சுருக்கம் இல்லாவிட்டால் தானாக இயங்கும் துப்பாக்கி என்று ஒன்று இருந்திருக்காது. குழலிலிருந்து திருப்பிவிடப்பட்ட கொஞ்சம் வாயு உந்துதண்டைப் பின்னுக்குத் தள்ள, கொக்கி கோதை இழுத்து வெளியே எறியும். அடுத்த ரவை உள்ளே ஏறும். ரி-56 தொடர்ந்து சுட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 ரவை என்ற வேகம். சுட்டவர் எறிந்த கோதைக் குனிந்து பார்ப்பதே இல்லை.

அமெரிக்காவில் குனிந்து பொறுக்குகிறார்கள். அங்கே வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுவோரும் பித்தளைக் கோதை வீட்டுக்குக் கொண்டுபோய், உருவம் திருத்தி, மீண்டும் நிரப்பிப் பாவிப்பது பழைய பழக்கம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்த பித்தளை, விரிந்து சுருங்குவதற்கென்றே பிறந்த உலோகம். ஆனாலும் ஒவ்வொரு விரிவிலும் அது கொஞ்சம் இறுகும். கடைசியில் கழுத்தில் வெடிப்பு விடும். அரைத் தானியங்கித் துப்பாக்கி கோதை வேகமாகப் பிடுங்கி எறிவதால் அங்கே தேய்வு இன்னும் சீக்கிரம். நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்க, அனுமதியில்லாமல் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. அது நல்லதுக்குத்தான்.

பித்தளையின் இன்னொரு பலவீனம் தெரியவந்தது இந்திய மழைக்காலத்தில். பிரித்தானியர் இந்தியாவில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் ரவைகளை வைத்திருந்தபோது, மழை தொடங்கினால் கோதுகள் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும், உருவாக்கத்தின்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதைப் பிளக்கின்றன என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. சுடாத ரவை ஒன்று தென்மராட்சியில் பழைய மாட்டுக்கொட்டில் மண்ணில் கிடந்தால், அதற்கும் இதே கதி நேரலாம்.

இனி மிதிவெடி அகற்றுபவரிடம் வருவோம். அவர் கையிலுள்ள உலோகங்காட்டியின் சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது எழுப்பும் எதிர்ப்புலத்தைச் சுருள் உணர்ந்து கூவும். கோது நல்ல மின்கடத்தி என்பதால் உரத்துக் கூவ வைக்கும். பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடியின் உடலோ பிளாஸ்டிக். புலிகளின் ‘ஜொனி’ மரப்பெட்டி. இவற்றுக்குள் உலோகம் மிகக் கொஞ்சம். தீங்கற்றது சத்தம் போட, ஆபத்தானது முணுமுணுக்கிறது. எது எது என்று தோண்டாமல் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு ஒலிக்கும் அடையாளம் வைத்து, முழந்தாளில் இருந்து, பக்கவாட்டில் மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டி நெருங்க வேண்டும். வெயிலில், முகக்கவசமும் கனத்த அங்கியும் போட்டபடி இவ்வளவும் செய்து முடித்தால், கையில் வருவது பெரும்பாலும் ஒரு கோது அல்லது ஷெல் துண்டு. ரி-56 கோதுகளில் பல உருக்கினாலானவை; துருப்பிடித்துப் பொடிந்தாலும் அந்தப் பொடியும் கூவும். முகமாலையின் சில பகுதிகளில் உலோகம் அவ்வளவு மண்டிக் கிடந்ததால் கருவியை நம்பாமல், மண் முழுவதையும் கையால் வாரிப் பார்த்தார்கள்.

2002 முதல் வடக்கில் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மக், பின்னர் வந்த உள்ளூர் நிறுவனங்களான டாஷ், ஷார்ப் ஆகியவற்றின் அணிகளில் பெண்கள் பலர்; குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது, அவற்றை அகற்றி முடிக்கக் கிடைத்த காலக்கெடு 2028 ஜூன். அந்தத் திகதியை நோக்கிய ஒவ்வொரு சதுர மீற்றரும் இவர்களுடைய முழந்தாளில்தான் நகர்கிறது என்பதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

கோதைப் பற்றிப் பேசும்போது சுடாத ரவையைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. காலம் போனால் மருந்து செத்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. ரவை மருந்தின் அடிப்படை நைத்திரோசெலுலோஸ். அது மெதுவாகச் சிதையும்போது நைதரசன் ஒட்சைட்டுகளை விடும். அவையே மேலும் சிதைவைத் தூண்டும். அவற்றை உறிஞ்சச் சேர்க்கப்படும் டைபீனைலமீன் தீர்ந்துபோனால் சிதைவு வேகம் பிடிக்கும், சூடும் ஏறும். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் இது விரைவாக நடக்கும். பிரெஞ்சுக் கடற்படையின் போர்க்கப்பல்களான ‘இயேனா’ 1907இலும் ‘லிபர்த்தே’ 1911இலும் தூலோன் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியது இத்தகைய பழுதான மருந்தால்தான், நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மண்ணில் கிடக்கும் ஒற்றை ரவைக்குக் கப்பலை உடைக்கும் பலம் இல்லை. ஆனால் வளவில் சருகு கூட்டி எரிக்கும்போது அது நெருப்பில் அகப்பட்டால், கோது கிழிந்து உலோகத் துண்டுகள் கண்ணுயரத்துக்குப் பறக்கும். பழைய உலோக விலைக்காகச் சன்னத்தைக் கழற்றப் போனால் கேப் கையிலேயே வெடிக்கலாம். தோட்டம் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ ரவை தட்டுப்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்தி, பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ அறிவித்தால் போதும். அதை எடுத்துப்போக ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு.