வெளியே சொல்லாத வயிற்று நோய்

பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடுதாசிகள் வரும். பெயர் இருக்காது. ஹைழ், நோன்பு பற்றிய கேள்விகளோடு இன்னொன்றும் வருடம் தவறாமல் வருகிறது. "வயிற்றில் எந்நேரமும் வாய்வு. வுழூ நிற்பதில்லை. மலசலகூடம் போய் வந்தாலும் போகாதது போலவே இருக்கிறது. என் தொழுகை கூடுமா?"

சட்டத்தைப் பின்னர் சொல்கிறேன். இப்படி எழுதும் சகோதரிகளில் பெரும்பாலோர் வைத்தியரிடம் இதை வாய் திறந்து சொன்னதேயில்லை. வீட்டிலும் சொல்வதில்லை. ஆகவே முதலில் நோயைப் பற்றிப் பேசுவோம். நான் வைத்தியனல்லன், விபரமறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

நம்மவர்கள் வயிற்றில் வரும் எல்லாவற்றுக்கும் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று ஒரே பெயர் வைத்துவிடுவார்கள். அது இரைப்பையின் நோய். இங்கே சொல்வது குடலின் நோய். வைத்தியர்கள் சுருக்கமாக 'ஐ.பி.எஸ்.' என்பார்கள். 2016இல் வகுக்கப்பட்ட சர்வதேச அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அவ்வலிக்குத் தொடர்பு, மலம் போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிலருக்கு வயிற்றோட்டம், சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. பல நாடுகளில் ஆண்களை விடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது.

இரத்தம் சோதித்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் இதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "ரிப்போர்ட் எல்லாம் சரி, உனக்குத்தான் மனப்பிராந்தி" என்பார் கணவர். வேலைக்குப் பயந்த நடிப்பு என்பார் மாமி. அடுத்த வீட்டு ராத்தாவோ, யாரோ எதையோ தின்னக் கொடுத்துவிட்டார்கள் என்று தண்ணீர் ஓதும் இடத்துக்கு வழி காட்டுவார். ஓதிப் பார்ப்பது நல்லதே. ஆனால் கருவியில் அகப்படாத வலியெல்லாம் சூனியம் என்று முடிவு கட்டி ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

வலி உண்மையானது. 1973இல் ரிச்சி என்ற ஆய்வாளர் நோயாளிகளின் பெருங்குடலில் சிறு பலூனை வைத்துக் காற்றூதிப் பார்த்தார். ஏனையவர்கள் பொருட்படுத்தாத அளவு காற்றே பல நோயாளிகளுக்கு வலியைத் தந்தது. குடலில் அல்லாஹ் கோடிக்கணக்கான நரம்பணுக்களை வைத்திருக்கிறான். அவற்றுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி போய் வருகிறது. இந்நோயில் அந்தச் செய்தி மிகைப்பட்டுவிடுகிறது.

இது எப்படி ஆரம்பிக்கிறது? ஒரு காரணம் திட்டமாகத் தெரியும். கனடாவின் வோக்கர்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து சுமார் 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். சில வருடங்களின் பின் பார்த்தபோது, அப்போது நோயுறாதவர்களில் சுமார் 10 வீதத்தினருக்கே ஐ.பி.எஸ். இருந்தது. வைத்தியரால் அறியப்பட்ட வயிற்றோட்டத்துக்கு ஆளானவர்களிலோ அது சுமார் 36 வீதம்! கிருமி போய்விட்டது, குடல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்நோயின் கூட்டாளிகளை. ஒற்றைத் தலைவலி, உடலெங்கும் தசை நோவு, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, அடிக்கடி சிறுநீர் முட்டும் சிறுநீர்ப்பை வலி, மாதவிடாய்க் கால வலி, நெஞ்செரிவு, மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியன ஐ.பி.எஸ். உள்ளவர்களிடம் மற்றவர்களை விட அதிகம். சிலருக்குக் கவலை முந்தி வந்து வயிற்றைக் கெடுக்கிறது; சிலருக்கு வயிறு முந்திக் கெட்டுக் கவலை பின்னால் வருகிறது. நம் பெண்கள் தலைவலிக்கு ஒருவர், மூத்திரக் கடுப்புக்கு ஒருவர், இடுப்பு வலிக்கு இன்னொருவர் என்று ஆறு இடம் போய் ஆறு பை மாத்திரை கொண்டு வருகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வைத்தியரிடம் ஒரே நாளில் சொன்னால் அவருக்கு முழுப் படமும் தெரியும்.

சொல்லாததால் வரும் நஷ்டம் சிறிதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 89 ஆயிரம் பேரின் விபரங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பித்தப்பையை அகற்றியவர்கள் மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு. கருப்பையை அகற்றியவர்கள் இரண்டு மடங்கு. குடலின் வலியை வேறு உறுப்பின் வலியாகக் கருதி வெட்டியவையும் இவற்றில் இருக்கலாமென ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல், இரத்தச்சோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய உம்மாவுக்குப் புதிதாக வயிறு ஊதி, அது தொடர்ந்து நின்றால் 'வாய்வு' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் கொண்டிருக்காதீர்கள். சூலகப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

உணவில், மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை பலருக்குப் பயன் தந்திருக்கிறது. வெங்காயம், உள்ளிப்பூண்டு, பருப்பு, கடலை, கோதுமை மா, பால், மரமுந்திரிகை போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிப்பது. இவையில்லாமல் நம் வீட்டில் என்ன சமைப்பது என்று கேட்பீர்கள்! வாழ்நாள் முழுதும் விடச் சொல்லவில்லை. ஆலோசனை பெற்றே செய்ய வேண்டும். இசப்கோல் உமி பலருக்கு நன்மை தரும். கோதுமைத் தவிடு சிலருக்கு வயிற்றை இன்னும் ஊத வைக்கும்.

இனிச் சட்டம். வயிற்றில் இரைச்சல் கேட்பதால் வுழூ முறியாது. சத்தத்தையோ வாடையையோ உணரும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மல சலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதையும் தடுத்திருக்கிறார்கள். போய்விட்டு வந்து ஆறுதலாகத் தொழுங்கள். உண்மையாகவே வாய்வு நிற்காமல் போகிறவர், வக்தினுள் வுழூச் செய்து தொழும் அளவு இடைவெளி வழமையாகக் கிடைக்குமானால் அந்த இடைவெளியில் தொழ வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால், ஷாபிஈ மத்ஹபின்படி வக்து நுழைந்த பின் வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அதற்கிடையில் வாய்வு போனாலும் அத்தொழுகை கூடும். அந்த வுழூவில் ஒரு பர்ளும் விரும்பிய ஸுன்னத்துக்களும் தொழலாம்; அடுத்த பர்ளுக்கு வேறு வுழூ.

கேட்க வெட்கப்பட்டு, தொழுகையையே விட்டிருந்த சகோதரிகளும் உண்டு. மார்க்கத்தை விளங்குவதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தது இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

நோன்பைப் பொறுத்தவரை, வலி கடுமையாகி நோற்க இயலாத நாட்களில் விட்டுவிட்டுப் பின்னர் கழாச் செய்ய அனுமதியுண்டு. பலருக்கு நோன்பை விட நோன்பு திறக்கும் நேரம்தான் சோதனை: உள்ளி போட்ட கஞ்சி, சமோசா, ரோல்ஸ், கடலை, பாலூதா, எல்லாம் கால் மணி நேரத்துக்குள்! தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் போய், மாத்திரைகளை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.