கட்டாயக் கல்வி: கடமை யார் மீது?

'கட்டாயக் கல்வி' என்றதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தந்தையைத் தண்டிக்கும் சட்டமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தைப் படிப்போர் அதில் வேறொரு பொருளைக் காண்பர். 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையும் பள்ளியில் சேர்வது, தொடர்ந்து வருவது, எட்டாம் வகுப்பை முடிப்பது ஆகிய மூன்றையும் உறுதி செய்வது அரசின் கட்டாயக் கடமை என அதன் 8-ஆம் பிரிவு விளக்குகிறது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு கூறினாலும், தவறும் பெற்றோருக்கு அது தண்டனை எதையும் விதிக்கவில்லை.

மார்க்கச் சட்டம் அறிந்தோருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விழும் கடமை ஃபர்ளு ஐன். ஜனாஸாத் தொழுகையைப் போல ஊர் முழுவதன் மீதும் விழுந்து, சிலர் நிறைவேற்றினால் பிறரின் பொறுப்பு நீங்கிவிடும் கடமை ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். மருத்துவம், கணக்கு போன்ற உலகியல் அறிவுகளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இந்த இரண்டாம் வகையிலேயே வைத்தார்கள். ஏழைக் குழந்தையின் பள்ளிக் கல்வி பெற்றோரின் தனிக் கடமை மட்டுமே என்று விட்டுவிட்டால் என்ன நேர்கிறது என்பதை நம் கண்முன் உள்ள ஓர் ஊரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் முதன்முதலாகக் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தியது பரோடா சமஸ்தானம். 1893-இல் அம்ரேலி வட்டத்தில் தொடங்கி, 1906-இல் சமஸ்தானம் முழுவதும் அது விரிவுபடுத்தப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்று கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் மத்தியச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். முகம்மது அலி ஜின்னா அதனை ஆதரித்துப் பேசினார். ஆயினும் 1912-இல் மசோதா தோற்கடிக்கப்பட்டது. இதற்கெல்லாம் பணம் எங்கே என்பதே அன்று பெரிதாக எழுப்பப்பட்ட கேள்வி. அக்கேள்வி இன்றளவும் ஓயவில்லை.

சென்னையில் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சர் பிட்டி தியாகராயரின் முயற்சியால், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட அனுமதி கிடைத்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என அரசு மறுத்ததால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது; 1927-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. கல்விக்கான பணம் வேறு, சோற்றுக்கான பணம் வேறு என்று கணக்கேடு பிரித்தது. பசித்த பிள்ளைக்கு அப்பிரிவு தெரியாது. மதீனாப் பள்ளிவாசலின் திண்ணைத் தோழர்களுக்குக் கல்வியும் உணவும் ஒரே இடத்தில் கிடைத்தன என்பது நமக்கு நினைவுக்கு வருகிறது. 1956-இல் காமராசரும், 1982-இல் எம்.ஜி.ஆரும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த உண்மையையே வெவ்வேறு அளவில் ஏற்றன.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம், 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட வேண்டும் என்று 45-ஆம் உறுப்பில் வழிகாட்டியது. பத்தாண்டு என்பது ஐம்பதாண்டைத் தாண்டியது. 1993-இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் இதனை அடிப்படை உரிமை என்றது. 2002-இல் 86-ஆவது திருத்தம் 21-அ உறுப்பைச் சேர்த்தது. அதன் பின்னரே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது.

திருவான்மியூர் காட்டும் தடைகள்

தென்சென்னையின் திருவான்மியூர், மருந்தீசுவரர் கோயிலும் மீனவர் குப்பங்களும் கொண்ட பழைய ஊர். 2000-இல் அருகே தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2004-இல் பறக்கும் ரயில் இவ்வூர் வரை வந்தது. அதன் பின் தகவல் தொழில்நுட்பச் சாலையின் வாயிலாகவே இவ்வூர் மாறிவிட்டது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. மலைக் கிராமங்களைப் போல இங்கே தொலைவு தடையன்று. ஆயினும் தடைகள் இருக்கின்றன.

முதல் தடை இடப்பெயர்ச்சி. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் மனையிலேயே தகரக் கொட்டகையில் தங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஒன்பது வயது மகள் தம்பியைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் இருக்கிறாள். பிறப்புச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, கல்வியாண்டு தொடங்கிவிட்டது என்றோ கூறி அவளுக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது எனச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. புலம்பெயர்ந்தோரின் குழந்தைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமையாக 9-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆனால் அவள் அங்கு இருக்கிறாள் என்று பள்ளிக்கு யார் அறிவிப்பது? தம்பியை யார் பார்ப்பது? தமிழ் அறியாத அவளுக்கு முதல் மூன்று மாதம் யார் துணை? கட்டடம் முடிந்து குடும்பம் வேறிடம் போகையில் அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் தொடரும்? சேர்க்கையை ஓர் உத்தரவால் பெறலாம். வருகையை அவ்வாறு பெற இயலாது.

இதன் மறுபக்கம் மறுகுடியமர்வு. வெளியிலிருந்து வருவோரைப் போலவே, நகருக்குள்ளிருந்து வெளியே அனுப்பப்படுவோரும் உள்ளனர். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, கல்வியாண்டின் நடுவே பெரும்பாக்கத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. வீடு ஓரிடத்திலும் பள்ளி ஓரிடத்திலுமாகப் பிள்ளைகள் சிதறினர். வீட்டை மாற்றும் துறையும் பள்ளியை நடத்தும் துறையும் ஒரே நாளேட்டைப் பார்ப்பதில்லை. ஏப்ரல், மே விடுமுறையில் குடியமர்த்துவது, முன்கூட்டியே அங்கு இடமும் ஆசிரியரும் ஏற்படுத்துவது என்னும் சிறிய ஒழுங்கு பல படிப்புகளைக் காத்திருக்கும்.

இரண்டாம் தடை 'இலவசம்' என்பதன் எல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் நூல், சீருடை, உணவு, பேருந்து அட்டை யாவும் கிடைக்கின்றன, இது பெருமைக்குரியது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவினருக்கு என்ற விதியில்தான் சிக்கல். கல்விக் கட்டணத்தை அரசு ஈடுசெய்தாலும், இதர செலவுகள் தங்கள் தலையில் விழுவதாகப் பெற்றோர் முறையிடுகின்றனர். ஈட்டுத்தொகை தாமதமாவதாகப் பள்ளிகள் முறையிடுகின்றன. மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பிணக்கால் 2025-26 கல்வியாண்டின் சேர்க்கை தமிழ்நாட்டில் அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. ஜூன் மாதத்தில் இடத்திற்காகக் காத்திருந்த குழந்தைக்கு, அக்டோபரில் வரும் உரிமை பாதி உரிமையே.

மூன்றாம் தடை வயது. பதினான்கில் சட்டத்தின் பாதுகாப்பு முடிகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 முதல் 18 வயதுடையோரை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. எட்டாம் வகுப்போடு கடைக்கோ பட்டறைக்கோ போகும் சிறுவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் வாழ்நாளைத் தொடங்குகிறான்.

நம் பங்கு

2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயதுடைய முஸ்லிம் குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதோர் அல்லது இடையில் நின்றோர் எனக் கண்டது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாவுக்குப் போய்விடுகிறார்கள் என்ற எண்ணத்தையும் அது மறுத்தது. முழுநேர மதரஸாக்களில் படிப்போர் நூற்றுக்கு நால்வருக்கு மேல் இல்லை. ஆகவே நம் குழந்தைகளின் கல்வியும் பெரும்பாலும் அருகிலுள்ள பள்ளியின் வாயிலில்தான் நிற்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் கல்விக்குக் கொடுக்காதவர்கள் அல்லர். 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி, அதே ஆண்டில் சென்னை நியூ கல்லூரி எனப் பெருநிறுவனங்களை எழுப்பினோம். ஆயினும் கல்லூரி வாயிலை அடையுமுன் நின்றுவிடும் பிள்ளையை யார் எண்ணினோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு நுட்பமான வினாவும் எழுகிறது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, உதவி பெறுவன, பெறாதன ஆகிய இருவகைச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. மகாராட்டிரத்தின் அஞ்சுமன் இஷாஅத்தே தஅலீம் அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில், 2025 செப்டம்பர் 1 அன்று இருவர் அமர்வு அத்தீர்ப்பின் சரியான தன்மையை ஐயுற்று, பேரமர்வின் பார்வைக்கு அனுப்பக் கோரியது. சாசனத்தின் 30-ஆம் உறுப்பு தரும் நிருவாக உரிமை நமக்கு அருமையானது. அதனைக் காக்க வாதாடுவது நியாயமே. ஆனால் சட்டத்திலிருந்து விலக்குப் பெறுவது ஒன்று. ஃபர்ளிலிருந்து விலக்குப் பெறுவது வேறொன்று. 25 விழுக்காடு நம்மைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றத்தில் சொல்லும் பள்ளி, தன் தெருவின் எத்தனை ஏழைப் பிள்ளைகளைத் தானே விரும்பிச் சேர்த்திருக்கிறது என்பதையும் சொல்ல முடிய வேண்டும். அப்பட்டியலே அதன் உரிமைக்கு வலுவான வாதமாகும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்பது நம் உரிமை. அதனோடு, ஜமாஅத்துகளால் ஆகக்கூடியவையும் சில உண்டு. சந்தாப் புத்தகம் வைத்திருக்கும் மஹல்லா, தன் எல்லைக்குள் பள்ளி வயதுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு பதிவேடு வைக்கலாம். அதில் புலம்பெயர்ந்தோர், பிற சமயத்தார் என்ற பேதம் வேண்டா. காலை மக்தப் நேரத்தைப் பள்ளி நேரத்தோடு முரணாமல் அமைக்கலாம். தம்பி தங்கையைப் பார்க்கும் சிறுமிக்காக, பகலில் வெறுமையாக இருக்கும் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புச் செலவை, ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் உரிய ஜகாத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கும், ஸதகாவிலிருந்து யாவருக்கும் ஏற்கலாம்.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் மீட்புத்தொகை கொடுக்க இயலாத, எழுத்தறிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். வறுமை சூழ்ந்த அந்நாளில், கைக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்து, நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளின் எழுத்தை வாங்கினார்கள். அச்சிறுவர்களின் தந்தையரிடம் அதற்குக் கட்டணம் கேட்கப்படவில்லை. சமுதாயமே அதனைச் செலுத்தியது. கடமை யார் மீது என்ற வினாவுக்கு அதில் விடை இருக்கிறது.