காய்ச்சல் விட்டதும் கவனத்தை விட்டுவிடாதீர்கள்!

மூன்று நாளாக அனலாய்க் கொதித்த உடம்பு நான்காம் நாள் காலையில் வேர்த்துத் தணிகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ரசம் சாதம் பிசைந்து கொடுத்து, ‘திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போயிடலாம்’ என்று பிள்ளைக்குத் தைரியம் சொல்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு சரி. டெங்குவுக்குச் சரிவராது. உயிருக்கு ஆபத்தான கட்டம் அதில் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் டெங்குவும் தலைகாட்டும். பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓய்விலும் நீராகாரத்திலுமே தேறிவிடுவார்கள். மோசமாகப்போகும் சிலரை நேரத்தோடு அடையாளம் காண்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த 48 மணி நேரம்

டெங்குவில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் 2 முதல் 7 நாள் வரை கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் அடித்துப்போட்டது போன்ற அசதி. காய்ச்சல் இறங்கும் சமயத்தில் 24 முதல் 48 மணி நேரம் நீடிப்பது இரண்டாவதான ஆபத்துக் கட்டம். அதைக் கடந்தால் மூன்றாவது, தேறும் கட்டம்.

இரண்டாவது கட்டத்தில் என்ன நடக்கிறது? மண்பானையில் தண்ணீர் கசிவதுபோல, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. அது வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றிலும் தேங்குகிறது. குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகிறது. உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் ரத்தம் குறைகிறது. உடலில் ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே தெரியாமலேயே நோயாளி ‘ஷாக்’ என்கிற அதிர்ச்சி நிலைக்குப் போய்விட முடியும்.

இதில் நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், தொடக்கத்தில் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். ரத்த அழுத்தத்தின் மேல் அளவும் 100 என்று ஓரளவு சரியாகவே காட்டும். ஆனால் கீழ் அளவு 80 இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 20தான். டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வருவதை மருத்துவர்கள் ஷாக்கின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்:

• விடாத வயிற்று வலி, அல்லது வயிற்றைத் தொட்டாலே வலி
• அடக்க முடியாத வாந்தி. குடித்தது எதுவும் தங்காமல் போவது
• மூக்கு, ஈறுகளில் ரத்தம், கறுத்த மலம், வழக்கத்துக்கு மீறிய மாதவிடாய்ப் போக்கு
• கை கால் சில்லிட்டுப் பிசுபிசுப்பது, எழுந்து நின்றால் தலைசுற்றல்
• மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது
• ஓயாத தூக்கக் கலக்கம்; குழந்தை என்றால் சமாதானமாகாத அழுகை, சிணுங்கல்
• ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது

‘சாப்பிடாததால வயித்து வலி’, ‘மாத்திரை சூட்டுல வாந்தி’, ‘களைப்புல தூங்குறான்’ என்று இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருக்கும். காய்ச்சல் விட்ட நாளில் அந்தச் சமாதானங்களை நம்பக் கூடாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்காமல், காய்ச்சல் தொடங்கியதுமே மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

தட்டணு மட்டும் கணக்கல்ல

டெங்கு என்றதும் எல்லோரும் கேட்பது, ‘பிளேட்லெட் எவ்வளவு?’ அந்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை குறைந்தால் பதற்றம், கூடினால் கொண்டாட்டம். ஆனால் உயிர்ப்பலிக்கு முக்கியக் காரணம் பிளாஸ்மா கசிவால் வரும் ஷாக்தான். அதனால் மருத்துவர்கள் தட்டணுவோடு சேர்த்து, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் பி.சி.வி. அளவையும் பார்ப்பார்கள். தட்டணு வேகமாகச் சரிய, பி.சி.வி. ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். ரத்தப்போக்கு இல்லாத ஒருவருக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ‘எதுக்கும் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க’ என்று கேட்பதும் ஆபத்து. அளவு மீறிய திரவம் நுரையீரலில் போய்ச் சேரும்.

வீட்டில் இருக்கும்போது

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். உடம்பு வலிக்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். பீட்ரூட், மாதுளைச் சாற்றை இந்த நாட்களில் தள்ளிவையுங்கள். வாந்தி எடுத்தால் அது ரத்தமா, சாறா என்ற குழப்பம் வரும்.

காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது விட்டது, எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். அறிகுறி தெரிவது நள்ளிரவு என்றாலும் ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். காய்ச்சல் இல்லாமல் இரண்டு முழு நாள் கழிந்து, பசியெடுத்து, சிறுநீர் தாராளமாகப் போகத் தொடங்கிய பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசிக்கலாம்.