கடலில் மறையும் சூரியனை எங்கே நின்று பார்ப்பது?

ஒரு தவறிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அது நான் செய்த தவறு.

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஊருக்கு எந்தத் திசையிலும் கடல் அருகில் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கடலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர், "பேருந்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போங்க சார்" என்றார். அவருக்கு வசதிப்பட்ட நாள் ஜூலை கடைசி வாரம். நாளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. "சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கப் போகிறோம்" என்று எட்டாம் வகுப்பில் ஒரு வாரம் பேசினேன்.

அன்று மாலை மேகம்கூட இல்லை. முக்கடல் கூடும் இடத்தில் மணலில் வரிசையாக உட்கார வைத்திருந்தேன். 6.30 மணி ஆயிற்று. சூரியன் கடல் பக்கம் வரவே இல்லை. வலப்புறமாக ஒதுங்கி, கரையிலிருந்த கட்டடங்களுக்கும் தென்னைகளுக்கும் பின்னால் போய்விட்டது. நூறு நாள் வேலைக் கூலியில் அம்மா கொடுத்த பணத்தோடு வந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், கடல்லதான விழும்னு சொன்னீங்க? ஆயாகிட்ட போய் என்ன சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. பி.எட். படித்தவன், பதினைந்து ஆண்டுகள் அறிவியல் நடத்தியவன், சூரியன் எங்கே மறையும் என்று தெரியாமல் நாற்பது பிள்ளைகளை அழைத்து வந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் கற்றுக்கொண்டதை, சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

சூரியன் மேற்கில்தான் மறைகிறதா?

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்று தொடக்க வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். சரியான மேற்கில் அது மறைவது ஆண்டுக்கு இரண்டு முறைதான்: மார்ச் 21-ஐ ஒட்டியும் செப்டம்பர் 23-ஐ ஒட்டியும். புவியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால் மற்ற நாள்களில் மறையும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூன் 21-இல் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை தள்ளியும், டிசம்பர் 22-இல் தெற்காக அதே அளவு தள்ளியும் மறைகிறது. கன்னியாகுமரியானாலும் சென்னையானாலும் இந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த நகர்வைத்தான்.

இதை அளக்கக் கருவி வேண்டாம். கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஜூனிலிருந்து டிசம்பருக்குள் சூரியன் மறையும் இடம் கிட்டத்தட்ட ஐந்து கைமுட்டி அகலம் நகர்கிறது. அடிவானத்தில் இது சிறிய தூரமன்று. ஒரு கடற்கரையில் சூரியன் நீரில் மறையுமா, நிலத்தில் மறையுமா என்பதை இந்த ஐந்து முட்டிதான் முடிவு செய்கிறது.

கரை எந்தப் பக்கம் திரும்புகிறது?

இனி நிலவரைபடத்தை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கரை முட்டம் வரை நேர் மேற்காகப் போகவில்லை. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்து போகிறது. இதைப் பாகைமானி வைத்து மாணவர்களே அளக்கலாம். சூரியன் மறையும் திசை இந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்தால் கடலில் மறையும். வடக்கே போய்விட்டால் நிலத்தில் மறையும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை அது கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஜூலை இறுதியில் வடக்காக 19 பாகை. எங்களுக்கு நடந்தது இதுதான்.

வரைபடம் சொல்லாத தடைகளும் உண்டு. கட்டடம், மரம், சிறு நிலமுனை ஆகியவை அந்த எல்லையை இன்னும் குறுக்கிவிடும். எனவே முக்கடல் சங்கமத்தில் நின்று பார்க்க அக்டோபர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையே நம்பகமான காலம்.

உதயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிழக்குக் கரை குமரியிலிருந்து வடகிழக்காகத் திரும்பிவிடுவதால் ஆண்டு முழுவதும் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. "கன்னியாகுமரியில் உதயமும் மறைவும் கடலில்" என்ற பொதுவான பேச்சில் முதல் பாதி எப்போதும் உண்மை. இரண்டாம் பாதி பருவத்தைப் பொறுத்தது.

எந்த இடம், எந்த மாதம்?

முக்கடல் சங்கமம்: காந்தி மண்டபத்தை ஒட்டிய பகுதி. குளிர்கால மாதங்களுக்கு ஏற்றது. பேருந்து நிறுத்தம், கழிப்பறை போன்ற வசதிகள் அருகில் உண்டு. கூட்டம் மிகுதி.

அஸ்தமன முனை: ஊருக்கு மேற்கே கோவளம் மீனவக் கிராமத்துப் பக்கம் உள்ளது. சன்செட் பாயின்ட் என்று கேட்டால் எல்லாரும் வழி சொல்வார்கள். ஊர்க் கட்டடங்கள் முதுகுப் பக்கம் போய்விடுவதால் மேற்குப் பார்வை இன்னும் திறந்திருக்கும்.

சொத்தவிளை: நீண்ட மணற்கரை. கூட்டமாக உட்காரவும் குறிப்பெடுக்கவும் வசதியானது. ஆனால் சங்கமத்துக்குச் சொன்ன கரைக்கோடுதான் இதற்கும்.

முட்டம்: இதுதான் எனக்கு வியப்பளித்த இடம். கலங்கரை விளக்கமும் பாறைகளும் உள்ள இந்த முனையில் கரை சட்டென்று குளச்சலை நோக்கி வடமேற்காகத் திரும்புகிறது. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 40 பாகை சாய்வு. சூரியன் வடக்கே அதிகபட்சம் போவது 24 பாகை. ஆகவே முட்டத்தில் ஜூன் மாதத்திலும் சூரியன் கடலில்தான் மறைகிறது. அன்று எங்கள் பேருந்து முட்டத்துக்குப் போயிருந்தால் அந்தப் பெண் ஆயாவிடம் சொல்ல ஏதாவது கொண்டுபோயிருப்பாள்.

வட்டக்கோட்டை: கிழக்குக் கரையில் இருக்கிறது. இங்கே மாலையில் சூரியன் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மறையும். கடலில் மறைவதைப் பார்க்க இது இடமன்று. மலையின் விளிம்பு கருத்து நிற்பதைப் பார்க்க நல்ல இடம்.

வானம் தெளிவாக இருக்குமா என்பது தனிக் கேள்வி. இம்மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையையும் பெறுகிறது. மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் திசைக்கும் வானத்துக்கும் ஒருசேரப் பொருந்துகின்றன.

எத்தனை மணிக்கு?

இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டது. கன்னியாகுமரி ஏறத்தாழ 77½ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 5 பாகைக்கு 20 நிமிடம். கடிகாரத்தைவிட அங்கே சூரியன் 20 நிமிடம் பின்தங்குகிறது. ஏழாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்கு இது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மறையும் நேரம் அதிகம் மாறுவதில்லை. நவம்பர் நடுவில் 5.57, ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.22, ஜூலை முற்பகுதியில் 6.42 என்ற அளவில் இருக்கும். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு கைமுட்டி இடைவெளி இருந்தால் இன்னும் சுமார் 40 நிமிடம் இருக்கிறது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த இரண்டு நிமிடங்களில்

சூரிய வட்டத்தின் அடி விளிம்பு நீரைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அதற்குள் கவனிக்க நிறைய இருக்கிறது.

முதலாவது, நிறம். அடிவானத்துச் சூரிய ஒளி உச்சிவேளையைவிடப் பல மடங்கு அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பும் ஆரஞ்சும் நம்மை வந்தடைகின்றன.

இரண்டாவது, வடிவம். வட்டம் சப்பையாகத் தெரியும். காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது. அடி விளிம்பின் ஒளி மேல் விளிம்பினதைவிடக் கூடுதலாக வளைகிறது. இந்த வளைவு அடிவானத்தில் அரைப் பாகைக்குச் சற்று மேல். சூரிய வட்டத்தின் அகலமும் அரைப் பாகைதான். அதாவது, சூரியன் நீரைத் தொடுவதாக நாம் காணும்போது அது உண்மையில் ஏறத்தாழ முழுவதுமாகவே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாவது, ஒரு சிறு சோதனை. பாதிப் பேர் மணலில் படுத்தும் மீதிப் பேர் நின்றும் கடைசிப் புள்ளி மறையும்போது கை தூக்கட்டும். நிற்பவர்களின் கை சில நொடி தாமதமாகவே உயரும். உயரம் கூடக் கூட அடிவானம் தள்ளிப் போகிறது. புவி உருண்டை என்பதற்குப் பிள்ளைகள் தாங்களே கண்ட சான்று இது.

சூரியன் மறைந்ததும் எழுந்துவிட வேண்டாம். மேகத்தில் நிறம் பிடிப்பது அதற்குப் பிறகுதான். ஆனால் நம் பகுதியில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். வருகைக் கணக்கெடுத்து அதற்குள் பேருந்தில் ஏற்றிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு வகுப்பறை வினாக்கள்

காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தின் மேல் சூரிய ஒளி விழுமாறு கட்டியிருக்கிறார்கள். ஆண்டில் வேறு எந்த நாளில் சூரியன் அதே உயரத்தில் வரும்? செப்டம்பர் 23-க்கு 9 நாள் கழித்து என்றால், மார்ச் 21-க்கு ஏறத்தாழ 9 நாள் முன்பு. மார்ச் இரண்டாம் வாரம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

சித்ரா பௌர்ணமியன்று ஒரே நேரத்தில் சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் பார்க்கக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடும். அந்த ஒரு பௌர்ணமிக்கு மட்டும்தான் இது நடக்குமா? பௌர்ணமி என்றாலே சூரியனும் நிலவும் எதிரெதிரே இருப்பதுதான். சில நிமிட முன்பின்னோடு எல்லாப் பௌர்ணமியிலும் இது நடக்கும். இரு பக்கமும் திறந்த அடிவானம்தான் அரிது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

சூரியன் மங்கிச் சிவக்கும் வரை நேராகப் பார்க்க விடக்கூடாது. தொலைநோக்கி வழியாக எப்போதுமே கூடாது. கடலில் இறங்க அனுமதிக்க வேண்டாம். முட்டம் போன்ற பாறைக்கரையில் ஓரத்துக்குப் போகவே விடக்கூடாது. காற்றே இல்லாத நாளிலும் தொலைவில் உருவான பேரலை கரையில் திடீரென ஏறுவதுண்டு. கள்ளக்கடல் என்று அதைச் சொல்கிறார்கள். புறப்படும் முன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

திண்ணையில் எழுதிய குறிப்பேடு

ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தப்பு. ஏன் தப்பு என்று எனக்கும் தெரியவில்லை. சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்றேன். கேள்வி கேட்ட மாணவியிடம் ஒரு குறிப்பேடு கொடுத்தேன். அவள் வாரம் ஒருமுறை தன் வீட்டுத் திண்ணையில் ஒரே இடத்தில் நின்று, சூரியன் எதன் மேல் மறைகிறது என்று குறித்தாள். ஆகஸ்டில் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. செப்டம்பர் இறுதியில் புளியமரம். டிசம்பரில் இரட்டைப் பனை. தொட்டிக்கும் பனைக்கும் இடையே நான்கு கைமுட்டி. பொங்கலுக்குப் பிறகு சூரியன் திரும்பி, ஏப்ரல் இறுதியில் தொட்டியை நெருங்கியது. அந்தக் குறிப்பேட்டையும் வரைபடத்தையும் சேர்த்து வைத்துத்தான் மேலே சொன்ன விடைகளைக் கண்டோம்.

அடுத்த ஆண்டு ஜனவரி மூன்றாம் வாரத்தில் மீண்டும் போனோம். அஸ்தமன முனையில் சூரியன் கடலில் இறங்கியது. பிள்ளைகள் அங்கேயே ஓர் அஞ்சலட்டையில் நேரமும் திசையும் எழுதி, ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்ட அந்த மாணவிக்கு அனுப்பினார்கள். ஒரு மாலை பள்ளிக்கு வந்து, "அப்ப என் நோட்டுல இருந்தது சரிதான் சார்" என்றாள். முழுக்கச் சரி என்றேன்.

அவள் மட்டும் அதை இன்னும் பார்க்கவில்லை. அதனால்தான் ஆசிரியர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பயணம் படிக்கும் காலத்தில் ஒரு முறைதான் வாய்க்கும். பேருந்தைப் பதிவு செய்யும் முன் வரைபடத்தையும் பாகைமானியையும் எடுத்து, எந்த நாள், எந்த இடம் என்று மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்த ஒரு பாடவேளை, பயணத்துக்கு முன்பே பயணத்தைத் தொடங்கி வைத்துவிடும்.