பழைய வீடு வாங்குவோர் முன்னரே போடவேண்டிய கணக்கு

குறிஞ்சிப்பாடி வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்களுள் பலர், மனை வாங்கிப் புதிதாய்க் கட்டுவதினும் பழைய ஓட்டு வீடொன்றைக் கிரயம் பெற்றுப் பழுதுபார்த்துக் குடியேறுவதே சிக்கனம் என்று கருதுகின்றனர். அக்கருத்துப் பெரும்பாலும் சரியானதே. ஆயினும் கிரயத்திற்கு ஒரு கணக்கும், பின்னர்ப் பழுதுபார்ப்பதற்கு மற்றொரு கணக்குமாகப் பிரித்துப் போடுவதனால் கஷ்டம் நேருகிறது. கையிருப்பையும் கடனையும் கிரயத்திலேயே செலவிட்டுவிட்டு, ஐப்பசி மழை தொடங்கும்போது ஓடு பிரித்த கூரையின்கீழ் நிற்கும் குடும்பங்களைத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் யான் கண்டதுண்டு. முன்பணம் கொடுக்குமுன்பே இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கூட்டவேண்டும்.

வீட்டின் விலை ரூ. 10,00,000 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் வீதம் ரூ. 70,000. பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 சதவீதமாதலால் ரூ. 20,000. பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் இக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கப்படுகிறது; மனைவி பெயரில் வாங்குவோர் ரூ. 10,000 மிச்சம் பிடிக்கலாம். இச்செலவுகளைக் கடன் கொடுப்போர் பொதுவாக வீட்டின் விலையோடு சேர்ப்பதில்லை. விலை முழுவதற்கும் கடன் கிடைப்பதுமில்லை. ஆகவே இவை கைப்பணத்திலிருந்தே செல்லவேண்டியவை.

பழுதுபார்க்கும் செலவை ஊகத்தினால் அறிய இயலாது. தச்சரையும் கொத்தரையும் ஒருநாட் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்க. மழை நாளாயின் மிக நன்று. கைமரங்கள் சுவரில் அமரும் இடத்தை உளியால் குத்திப் பார்க்கவேண்டும். கறையானும் உளுப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தியடைவது வீண். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் இம்மாவட்டத்தில் கரை கடந்தது. அதற்குப்பின் கூரையை முழுவதும் பிரித்துக் கட்டினார்களா, அன்றி உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினார்களா என்று கேட்டறிக. பெருமாள் ஏரி, பரவனாறு ஆகியவற்றை அடுத்த ஊர்களில், 2015 வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறிற்று என்பதை விற்பவரிடமன்று, அண்டை வீட்டாரிடம் கேட்கவேண்டும். நெசவாளர் வீடாயின் தறிக்குழியைப் பாருங்கள். கார்த்திகையில் குழியில் நீர் ஊறுமாயின் தளத்தை உயர்த்தும் செலவும் உண்டு. மண்சுவருக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் சிமெண்டு பூசுவது உறுதி என்று பலர் நம்புகின்றனர். அது உள்ளீரத்தை வெளிவிடாமல் அடைத்துச் சுவரையே கெடுக்கும். சுண்ணாம்புப் பூச்சே அதற்கு ஏற்றது.

இவ்வாறு பார்த்துத் தச்சரும் கொத்தரும் ரூ. 3,00,000 ஆகும் என்றால், அதில் ஐந்திலொரு பங்கு கூட்டி ரூ. 3,60,000 என்று எழுதுக. கூரையைப் பிரித்த பின்னரே தெரியவரும் கேடுகள் பல. பத்திரம் எழுதுதல், வில்லங்கச் சான்று முதலியவற்றிற்கு ரூ. 10,000 சேர்த்தால் மொத்தம் ரூ. 14,60,000. பத்து லட்ச ரூபாய் வீடு என்று திண்ணையிற் பேசியது இத்தொகையில் வந்து நிற்கிறது.

கடனைப்பற்றி. ஒரு லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், 10 ஆண்டுத் தவணையாயின் மாதம் ரூ. 1,267, 15 ஆண்டாயின் ரூ. 1,014. மாதத் தவணை குறைகிறது என்று மகிழற்க. முன்னதில் மொத்தம் ஏறக்குறைய ரூ. 1,52,000 செலுத்துகிறோம், பின்னதில் ரூ. 1,82,500. பாவு உலராத மழை மாதங்களில் நெசவுக் கூலி குறையுமாதலால், தவணையை அம்மாதங்களின் வருவாய்க்கு ஏற்ப நிர்ணயிக்கவேண்டும், தீபாவளிக்கால வருவாயைக்கொண்டன்று. 2022-இல் ரிசர்வ் வங்கி, கிராமக் கூட்டுறவு வங்கிகள் ஒருவருக்கு அளிக்கும் வீட்டுக்கடன் வரம்பை அவற்றின் நிதிநிலைக்கேற்ப 50 லட்சம், 75 லட்சம் என உயர்த்தியது. அது வங்கிக்கு உரிய வரம்பேயன்றி நமக்குரியதன்று. ஓராண்டில் மீட்கவேண்டிய நகைக்கடனையும், அறுவடையில் தீர்க்கவேண்டிய பயிர்க்கடனையும் சுவரில் பூசிவிட்டால், தவணை வரும்போது சுவர் பணம் தராது.

பழைய வீட்டிற்குப் பங்காளிகள் பலர் இருப்பர். இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில், 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தாலும் 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தாலும் பெண்மக்களுக்கும் பங்குரிமை உண்டு. மணமாகி வேறூர் சென்ற சகோதரிகளின் கையெழுத்தின்றி முன்பணம் கொடுத்தல் ஆகாது. முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பதோடு மூலப் பத்திரத்தையும் கண்ணால் காண்க. நெய்வேலிச் சுரங்கத்திற்குச் சுற்றுக் கிராமங்களில் நிலம் எடுக்கப்பட்டு வந்துள்ளமையால், மனை அத்தகைய அறிவிப்பில் அடங்கியுள்ளதா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தறிதல் அவசியம்.

தை மாதத்தில் கிரயம் முடிப்போர் ஆடிக்குள் கூரை வேலையை முடித்துவிடலாம். புரட்டாசியில் முடிப்போர் மழை கழியும்வரை ஓட்டைப் பிரியாமல் வாடகை வீட்டிலேயே இருப்பது நலம். அந்த நான்கு மாத வாடகையையும் மேற்படி காகிதத்தில் எழுதிக்கொள்க.