சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்ண நிஜ கஸ்டமர் டேட்டாவா? டூல் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

போன வருஷம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். எங்கள் பெரியம்மா போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ் வந்தது. பெரியப்பா பெயரைப் போட்டு, 'உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு தயார்' என்றிருந்தது. பெரியப்பா இறந்து அப்போதுதான் மூன்று மாதம். தூக்கக் கலக்கத்தில் பெரியம்மா மகனை எழுப்பி, "அவருக்கு ரிசல்ட் வந்திருக்காம்டா, போய் வாங்கணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் அந்த லேபில் விசாரித்தோம். "புது ஆப் ஒண்ணு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம் சார், தப்பா போயிடுச்சு. மன்னிச்சுக்கங்க" என்றார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆப் எழுதிக் கொடுத்தவர்கள், அது ஓடுகிறதா என்று பார்க்க, லேபின் உண்மையான நோயாளிகள் பட்டியலை அப்படியே காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். அதில் பெயர், போன் நம்பர், என்ன வியாதிக்கு என்ன டெஸ்ட் என்பது வரை எல்லாம் இருந்தது. அந்தப் பட்டியல் எத்தனை பேர் லேப்டாப்பில் இருந்தது என்று கேட்டதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

'நம்மகிட்ட அப்படியெல்லாம் நடக்காது' என்று நினைக்கிறீர்களா? உங்களிடம் பில்லிங் சாஃப்ட்வேர், கிளினிக் ஆப், நகைச் சீட்டு ஆப் என்று ஏதாவது ஒன்று இருந்து, அதை யாரோ அவ்வப்போது திருத்திக் கொடுக்கிறார்கள் என்றால், இன்றைக்கே அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "மாத்தினது சரியா வேலை செய்யுதான்னு எந்த டேட்டாவை வெச்சுப் பார்க்கறீங்க?" பெரும்பாலும், "உங்க பேக்கப்பைத்தான் சார்" என்று பதில் வரும்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2021 ஜூனில் ஹெச்.பி.ஓ மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு டெஸ்ட் மெயில் போய்ச் சேர்ந்தது. உலகமே சிரித்தது. அது வெற்று மெயில் என்பதால் சிரிப்போடு முடிந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு வந்தது அப்படியல்ல.

இனி இது சட்டச் சிக்கலும்கூட. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 'சாஃப்ட்வேர்காரர்தான் விட்டுட்டார்' என்று கை காட்ட முடியாது. உங்களுக்காக வேறொருவர் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

இதைச் சமாளிக்க வந்தவைதான் டெஸ்ட் டேட்டா மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்கள். பெயர்தான் மிரட்டும், செய்கிற வேலை மூன்றுதான். நிஜ டேட்டாவில் பெயர், நம்பர்களை மாற்றி முகமூடி போடுவது (மாஸ்கிங்). பத்து லட்சம் கஸ்டமர்களில் ஐந்தாயிரம் பேரை மட்டும், அவர்களுடைய பில், பாக்கி, ரிட்டர்ன் எல்லாவற்றோடும் அறுந்துபோகாமல் பிரித்தெடுப்பது. மூன்றாவது, இல்லாத ஆட்களைப் புதிதாக உருவாக்குவது. கேட்கிற டெவலப்பருக்குக் கேட்ட நேரத்தில் இவற்றைக் கொடுப்பதையும் இதே டூல் பார்த்துக்கொள்ளும்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. ஒரே கடை, கடையில் வாங்கிய ரெடிமேட் சாஃப்ட்வேர் என்றால் இதற்குச் செலவு செய்யாதீர்கள். பேக்கப்பை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருந்தாலே பாதி பிரச்னை தீர்ந்தது.

சொந்தமாக ஒரு ஆப், அதற்கு ஒரே டேட்டாபேஸ், இரண்டு மூன்று டெவலப்பர்கள் என்ற அளவில் இருப்பவர்களுக்கு இலவச டூல்களே போதும். பைத்தானில் ஃபேக்கர் என்று ஒன்று இருக்கிறது, போலிப் பெயர், முகவரிகளை அள்ளித்தரும். தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால் 'போஸ்ட்கிரஸ்கியூஎல் அனானிமைசர்' இருக்கிறது. விவரமான ஒருவர் சில நாள் உட்கார்ந்தால் போதும்.

ஐந்தாறு டேட்டாபேஸ், பல டீம்கள், வங்கி அல்லது இன்ஷூரன்ஸோடு தொடர்பு என்று போகும்போதுதான் டெல்ஃபிக்ஸ், டானிக், கே2வியூ மாதிரியான காசு கொடுத்து வாங்கும் டூல்கள் பக்கம் போகவேண்டும். விலையைக் கேட்கும்போது அது எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். டேட்டா அளவை வைத்தா, டேட்டாபேஸ் எண்ணிக்கையை வைத்தா, பயன்படுத்துகிற ஆட்களை வைத்தா? வருஷா வருஷம் பில் வளர்ந்துகொண்டே போகும் தொழில் உங்களுடையது என்றால், டேட்டா அளவுக் கணக்கு கையைக் கடிக்கும்.

டெமோவில் மயங்காதீர்கள்

டெமோவில் எல்லா டூலும் அழகாகத்தான் இருக்கும். அவர்கள் காட்டுவது அவர்களே துடைத்து வைத்த டேட்டாபேஸ். நம் ஊர் டேட்டா அப்படியா இருக்கிறது?

ஜி.எஸ்.டி நம்பரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே அந்த ஆளின் பான் நம்பர்! பான் காலத்தை மட்டும் மறைத்துவிட்டு ஜி.எஸ்.டி காலத்தை விட்டுவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. இரண்டையும் தனித்தனியாக மாற்றினாலோ, ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று உங்கள் சாஃப்ட்வேரே பில்லை ஏற்காது. ஆதாரும் சும்மா 12 இலக்கம் கிடையாது. கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றையும் சரிபார்க்கும் இலக்கம், முதல் இலக்கம் 0, 1 ஆக வராது. கண்டபடி எண்களைக் கலைத்துப் போடும் டூல் இங்கே தோற்றுப்போகும். அதனால் டெமோவுக்கு வருபவரிடம், "ஜி.எஸ்.டி., பான் ரெண்டையும் சேர்த்து மாஸ்க் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் முழிப்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

அடுத்து நம் பெயர்கள். வெளிநாட்டு டூல்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுப் போலிப் பெயர்களைக் கொட்டும். நம்மிடம் இருப்பதோ எஸ். முருகன், மு.க.செல்வி, சில பேருக்கு இனிஷியலே கிடையாது. தமிழில் சேமிக்கும்போது வேறொரு தொல்லையும் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், 'கோ' என்கிற ஒற்றை எழுத்துக்கு ஆறு பைட் வேண்டும். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டு டெஸ்ட் செய்த ஆப், 'கோமதிநாயகம்' வந்ததும் பெயரைப் பாதியில் வெட்டலாம். எஸ்.எம்.எஸ்ஸும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70. டெஸ்ட் டேட்டாவில் தமிழ் இல்லையென்றால் இந்தச் செலவு மாசக் கடைசி பில் வரும்போதுதான் தெரியும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட மோசமான இடம் 'குறிப்பு' என்கிற கட்டம்தான். போன் நம்பருக்குத் தனிக் கட்டம் இருக்கும். ஆனால் கவுன்டரில் இருப்பவர், 'அம்மா நம்பர் இது, சாயங்காலம் மட்டும் கூப்பிடவும், சுகர் உண்டு' என்று தங்கிலீஷில் குறிப்பில் தட்டி வைத்திருப்பார். ரகசியத் தகவல் எங்கே இருக்கிறது என்று தானாகத் தேடும் வசதி எல்லா டூலிலும் இருப்பதாகச் சொல்வார்கள். அதைக் குறிப்புக் கட்டத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அதில் திணறினால், அந்தக் கட்டத்தையே முழுக்கக் காலி செய்துவிடுவதுதான் பாதுகாப்பு.

பெயரும் நம்பரும் போய்விட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்கிற மூன்றே தகவலை வைத்து அமெரிக்கர்களில் 87 சதவிகிதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லதான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டுக் காட்டினார். நம் சின்ன ஊர்களில் சொல்லவே வேண்டாம். பிறந்த தேதியைச் சில வாரங்கள் முன்பின் நகர்த்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. சோதித்துப் பார்க்க என்று டூல் விற்பவரின் கிளவுடில் நம்முடைய நிஜ டேட்டாவையே ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். திருடன் வராமலிருக்கப் பூட்டு வாங்கப் போய், வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவது மாதிரி. டூல் உங்கள் சர்வரிலேயே ஓடுமா என்று முதலில் கேளுங்கள். ஓடாது என்றால், டேபிள்களின் அமைப்பை மட்டும் கொடுத்துப் போலி டேட்டா உருவாக்கச் சொல்லிப் பாருங்கள்.

எந்த டூல் வாங்கினாலும் ஒன்றை அது உங்களுக்காகச் செய்யாது. டெஸ்ட் சர்வரிலிருந்து எஸ்.எம்.எஸ்., மெயில் வெளியே போகும் வழியை நீங்கள்தான் அடைக்கவேண்டும். கற்பனையில் தட்டிய பத்து இலக்க நம்பர்கூட யாரோ ஒருவருடைய போனாக இருக்கலாம். மெயிலுக்குப் பரவாயில்லை, 'எக்ஸாம்பிள் டாட் காம்' என்ற முகவரியை இதற்கென்றே யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த லேப்காரர் அப்புறம் ஒருநாள் போன் செய்தார். டெவலப்பர்களிடமிருந்த காப்பிகளை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டாராம். இப்போது இருநூறு போலி நோயாளிகளை வைத்து வேலை நடக்கிறதாம். பெரியப்பாவின் பதிவு நிஜப் பட்டியலில் இன்னும் இருக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். பெரியம்மாவைக் கேட்டேன். "ரிப்போர்ட்டெல்லாம் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்துட்டு எடுக்கச் சொல்லு" என்றார்.