பெட்டியின் விலையும் பக்கத்தின் விலையும்

அலுவலகத்துக்கு மல்டிஃபங்ஷன் பிரின்டர் வாங்குகிறவர்கள் கடையில் கேட்பது ஒரு விலை. பிறகு வருடக்கணக்கில் கொடுப்பது வேறு விலை. சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த வித்தியாசம் சிறு அலுவலகங்களின் பையைக் கடிக்கிறது.

சித்தூர் நீதிமன்றத்தை ஒட்டிய தெருக்களில் காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் ஒரே அவசரம். வக்கீல் குமாஸ்தாவுக்கு மனுவின் மூன்று நகல்கள் வேண்டும். பத்திரம் எழுதுகிறவருக்கு மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸ் வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, திருப்பதி பஸ் நிலையத்தருகே நிற்கும் யாத்திரிகருக்கு 300 ரூபாய் தரிசன டிக்கெட்டின் பிரின்ட் அவுட் வேண்டும். பல்கலைக்கழக மாணவருக்கோ, மாலைக்குள் ஆய்வேட்டின் 200 பக்கங்கள். கடைசியில் இவர்கள் அனைவரும் வந்து நிற்பது ஒரே இயந்திரத்தின் முன்னால்தான். அச்சடிக்கும், நகல் எடுக்கும், ஸ்கேன் செய்யும் மல்டிஃபங்ஷன் பிரின்டர்.

1911 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜதானியில் உருவான சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4ஆம் தேதி பிரிக்கப்பட்டது. திருப்பதி தனி மாவட்டமானது. திருச்சானூரில் தேவஸ்தானத்துக்குச் சொந்தமான பத்மாவதி நிலையத்தில் கலெக்டர் அலுவலகம் அமைந்தது. அதற்கு முன்பே, 2019 அக்டோபர் 2ஆம் தேதி, கிராமச் செயலகங்களும் வார்டு செயலகங்களும் ஆந்திரம் முழுக்கத் தொடங்கப்பட்டிருந்தன. அரசு அலுவலகம் ஒன்று முளைத்தால் அதைச் சுற்றி ஆடிட்டர், பத்திர எழுத்தர், நெட் சென்டர் எனப் பத்து சிறு அலுவலகங்கள் முளைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரின்டர் தேவை. எதை வாங்குவது என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை. தவறு அங்கேயே தொடங்குகிறது.

காசு இயந்திரத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். 1938இல் அமெரிக்கர் செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்த உலர் நகல் முறையை வைத்து ஜெராக்ஸ் நிறுவனம் 1959இல் '914' என்ற நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதை வாடகைக்குக் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு நகலுக்கும் கட்டணம் வசூலித்தது. நிறுவனம் செழித்தது, அதன் பெயரே நம் ஊரில் நகலுக்குப் பெயரானது. பிறகு வந்த சிறு பிரின்டர்களில் உத்தி கொஞ்சம் மாறியது. இயந்திரத்தை மலிவாகக் கொடு, கார்ட்ரிட்ஜில் வசூலி.

இந்திய அலுவலகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய ஹெச்பி லேசர்ஜெட் எம்1005 இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கான '12ஏ' கார்ட்ரிட்ஜ் 2,000 பக்கம் தரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு சர்வதேச அளவுகோல் உண்டு. கறுப்பு லேசருக்கு அது ஐஎஸ்ஓ 19752. அந்தச் சோதனைப் பக்கத்தில் மை படியும் பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஒரு சிறிய கடிதம் அவ்வளவு. நெருக்கி அடித்த வக்கீல் மனுவோ, ஓரமெல்லாம் கறுப்பு படியும் பழைய பத்திர நகலோ அதைப்போல இரண்டு மடங்கு மையைக் குடித்தால், 2,000 பக்கம் ஆயிரமாகச் சுருங்கிவிடும்.

ஒரு எளிய கணக்கு போடலாம். மாதம் 1,000 பக்கம் அச்சடிக்கும் அலுவலகத்துக்கு மூன்று வருடத்தில் 36,000 பக்கம். 15,000 ரூபாய்க்கு ஒரு லேசர் இயந்திரம், 1,500 பக்கம் தரும் அதன் கார்ட்ரிட்ஜ் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 2 ரூபாய். 24 கார்ட்ரிட்ஜுகளுக்கு 72,000 ரூபாய். இயந்திரத்தைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. மாறாக 18,000 ரூபாய்க்கு இங்க் டேங்க் இயந்திரம், 4,500 பக்கம் தரும் கறுப்பு மை பாட்டில் 400 ரூபாய் என்றால், எட்டு பாட்டில்களுக்கு 3,200 ரூபாய். இடையில் ஒருமுறை பழுது பார்க்க 4,000 ரூபாய் ஒதுக்கினாலும் மொத்தம் 25,200. முதல் இயந்திரத்துக்கு 87,000. கடையில் 3,000 ரூபாய் மிச்சம் பிடித்தவர் மூன்று வருடத்தில் 61,800 ரூபாய் இழக்கிறார்.

சிறு ஊர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி கண்டிருக்கின்றன. ரீஃபில். காலியான கார்ட்ரிட்ஜில் சில நூறு ரூபாய்க்கு டோனர் பவுடர் நிரப்பினால் பக்க விலை சில்லறைக் காசுக்கு இறங்கிவிடும். ஆனால் பல கார்ட்ரிட்ஜுகளில் டிரம்மும் உள்ளேயே இருக்கிறது. நாலைந்து ரீஃபிலுக்குப் பிறகு அது தேய்ந்து பக்கத்தில் கோடு விழும். வேறு கார்ட்ரிட்ஜை மறுக்கும் சிப் வைத்த இயந்திரங்களும் இப்போது சந்தையில் உண்டு. வாங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.

இங்க் டேங்க் பிறந்த கதையும் இப்படித்தான். இந்தோனேஷியாவில் பிரின்டருக்கு வெளியே பாட்டில் கட்டி, குழாய் வழியாக மை செலுத்திப் பணத்தை மிச்சம் பிடித்தவர்களைப் பார்த்து, எப்சன் நிறுவனமே 2010இல் டேங்க் வைத்த இயந்திரத்தை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. வாடிக்கையாளரின் ஒட்டுவேலை கம்பெனியின் தொழிலானது.

அப்படியானால் எல்லோரும் இங்க் டேங்க் வாங்கிவிடலாமா? சித்தூரின் மாம்பழத்தைக் கேட்க வேண்டும். தமிழகத்தில் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லப்படும் தோத்தாபுரியைக் கூழாக்கும் ஆலைகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சீசனில் இரண்டு மூன்று மாதம் அவற்றின் அலுவலகங்களில் பில்லும் ரசீதும் கணக்கில்லாமல் அடிக்கப்படும். பிறகு மாதக்கணக்கில் அமைதி. அந்த அமைதியில் இங்க் இயந்திரத்தின் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவே மை செலவாகும். லேசரின் மை பவுடர் என்பதால் காய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும் அலுவலகத்துக்கு லேசர், வாரம் தவறாமல் ஓடும் அலுவலகத்துக்கு டேங்க். எடை மேடையில் கார்பன் வைத்து மூன்று பிரதி ஒரே அடியில் வேண்டுமென்றால் இரண்டுமே உதவாது. பழைய டாட் மேட்ரிக்ஸ்தான்.

திருப்பதியின் தேவை வேறு. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐஐடி என்று ஊர் நிறைய மாணவர்கள். வண்ணப் படங்களுடன் கட்டுக்கட்டாகப் பக்கங்கள். வண்ணத்தில் டேங்க் இயந்திரத்தை மலிவில் மிஞ்சுவது கடினம். கட்டைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடரும், தாளைத் தானே புரட்டி இருபுறமும் அடிக்கும் வசதியும் இல்லாவிட்டால் கடைப் பையனின் கைதான் இயந்திரமாகும். இருபுற அச்சு தாள் செலவைப் பாதியாக்கும். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரலிலிருந்து மனுக்களை ஏ4 தாளில் இருபுறமும் அடித்துத் தரச் சொன்னது.

பத்திரங்கள் விஷயத்தில் விலையைவிட ஆயுள் முக்கியம். சாதாரண இங்க் அச்சில் நீர் பட்டால் எழுத்து கலங்கும். டோனர், சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தூள். தண்ணீரில் கரையாது. டேங்க் வாங்கியே தீர வேண்டுமென்றால் கறுப்பு மை பிக்மென்ட் வகையா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனர் கண்ணாடியின் நீளமும் கவனிக்கத்தக்கது. மலிவு இயந்திரங்களில் பெரும்பாலும் அது ஏ4 அளவுதான். நீளமான முத்திரைத்தாளைப் படுக்கவைத்தால் கடைசி வரிகள், சில சமயம் கையெழுத்தும், வெளியே நிற்கும். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போகும்வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லையின் இரு பக்கமும் பழைய தமிழ், தெலுங்குப் பத்திரங்கள் இன்னும் பெட்டிகளில் இருக்கின்றன. மங்கிய எழுத்தைப் பிடிக்காத ஸ்கேனர் எவ்வளவு மலிவானாலும் நஷ்டம்.

பிறகு ஊரின் வானிலை, மின்சாரம். லேசரில் டோனரை உருக்கும் பாகம் சூடாகும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய சிறிய யூபிஎஸ்ஸில் அதை மாட்டினால் இரண்டும் சேர்ந்து அணையும். இங்க் இயந்திரத்துக்குச் சில பத்து வாட் போதும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிய தாள் எந்த இயந்திரத்திலும் சிக்கும். தாள் கட்டைப் பிரித்து வைக்காதிருப்பது செலவில்லாத பராமரிப்பு.

தினமும் ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கும் கடைகள் வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த பெரிய இயந்திரங்களை நாடுகின்றன. இந்த இறக்குமதி பற்றிய வழக்கில், அவை தடை செய்யப்பட்டவை அல்ல, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. பக்க விலை குறைவு. ஆனால் மெக்கானிக்கும் உதிரிபாகமும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்பு.

அரசு அலுவலகத்தின் கதை இன்னும் சிக்கல். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்பது நெடுநாள் வழக்கம். 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தையிலும் 'எல் 1' என்ற சொல்லுக்கு மவுசு உண்டு. பெட்டி மலிவாக வந்துவிடும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்தபின் அதற்குப் பணம் ஒதுக்கத் தாள் நகர வேண்டும். அதுவரை சான்றிதழ் கேட்டு வந்தவரிடம், "வெளியே போய் எடுத்துட்டு வாங்க" என்ற பதில். அலுவலகம் மிச்சம் பிடித்ததை மனுதாரர், பக்கத்துக்குச் சில ரூபாய் வீதம், எதிர்க் கடையில் கட்டுகிறார். கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அது வெறும் சில்லறை இல்லை.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று. கார்ட்ரிட்ஜ் அல்லது பாட்டிலின் விலையை அது தரும் பக்கங்களால் வகுத்தால் என்ன வருகிறது? டிரம், ஹெட் போன்ற தேயும் பாகம் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை, என்ன விலை? பழுது பார்க்க ஆள் சித்தூரிலோ திருப்பதியிலோ இருக்கிறாரா, சென்னையிலிருந்து வரவேண்டுமா? அதற்கு முன் தனக்குத்தானே கேட்க வேண்டியது ஒன்று. மாதத்துக்கு எத்தனை பக்கம்? இதற்குப் பதில் தெரியாதவருக்கு எந்தப் பிரின்டரும் மலிவில்லை.